80 விண்ணப்பம் போட்டும் அழைப்பு வரவில்லை, கடன் வாங்கிப் படிக்கலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். பாலிடெக்னிக்கில் ஐ.டி. டிப்ளோமா முடித்து எட்டு மாதமாகிறது. வெப் டெவலப்பர் வேலைக்கு 80 விண்ணப்பம் அனுப்பியும் பதிலில்லை. அப்பா தோட்ட வேலை. கடன் வாங்கிக் கோலாலம்பூரில் பயிற்சி வகுப்பில் சேரலாமா?

பதில்: கடன் வேண்டாம். டிப்ளோமா கையில் இருக்கிறது; இன்னொரு சான்றிதழ் அதற்கு மேல் அதிகம் சொல்லாது. விண்ணப்பத்தில் இல்லாதது, கைப்பேசியில் அழுத்தியதும் திறக்கிற, யாரோ நிஜமாகப் பயன்படுத்துகிற ஒரு தளம். அதை உங்கள் ஊரிலேயே செய்யலாம்.

கல்யாணச் சமையல் எடுக்கும் ஒருவரைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் ஆட்கள் திரும்பத் திரும்ப எதைக் கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். தலைக்கு எவ்வளவு, எத்தனை பேருக்குக் குறையாமல், எந்த ஊர் வரை: அந்தப் பதில்கள்தான் முதல் பக்கம். தமிழிலும் மலாயிலும் எழுதுங்கள். இதற்கு ரியாக்ட் போன்ற பெரிய நிரல் கருவி தேவையில்லை. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் போதும். நிரலைச் சேமித்துவைக்கும் தளமான கிட்ஹப்பில் வைத்து, இணையத்தில் தளத்தைத் திறந்துவைக்கும் சேவையான நெட்லிஃபையில் ஏற்றுங்கள். கிட்ஹப்பே தரும் தளச் சேவையான கிட்ஹப் பேஜஸ் வியாபாரத் தளம் நடத்துவதற்கானதல்ல.

ஏற்றியதும் படம் தெரியாமல் போகலாம். விண்டோஸ் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை. லினக்ஸ் சர்வர் பார்க்கும். எல்லாப் பெயரையும் சிறிய எழுத்திலேயே வையுங்கள். பக்கத்தைத் திரையின் அகலத்துக்குப் பொருத்தச் சொல்லும் வியூபோர்ட் வரியை எச்டிஎம்எல்லில் மறந்தால் கைப்பேசி பக்கத்தை ஏறக்குறைய 980 பிக்சல் அகலமாக எண்ணிச் சுருக்கிவிடும், எழுத்து எறும்பாகும். கைப்பேசியில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே போடாதீர்கள். 1200 பிக்சல் அகலத்தில் வெப்பி (WebP) என்ற சிறிய பட வடிவத்துக்கு மாற்றி 200 கேபிக்குள் கொண்டுவாருங்கள். தோட்டத்து வீடுகளில் சிக்னல் எப்படி என்று உங்களுக்கே தெரியும். வாட்ஸ்அப் இணைப்பில் 012 எண் 6012 என்று தொடங்க வேண்டும். கூட்டல் குறி, கோடு, இடைவெளி எதுவும் கூடாது.

டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, அந்தச் சமையல்காரர் பெயரிலும் மின்னஞ்சலிலும் பதியுங்கள். உங்கள் பெயரில் இருந்தால், நீங்கள் ஊர் மாறியபின் புதுப்பிக்க ஆளில்லாமல் அவர் தளத்தை இழப்பார்.

அடுத்த தளத்தில் ஆர்டர் படிவம், லாகின், தரவுத்தளம் சேருங்கள். அதற்கு பிஎச்பி மொழியில் எழுதும் லாராவெல் சட்டகம் நல்ல தேர்வு. நேர்காணலில் கேள்விகள் இங்கிருந்துதான் கிளம்பும். கடவுச்சொல் உள்ள கோப்பை மட்டும் கிட்ஹப்பில் ஏற்றிவிடாதீர்கள். பிறகு அழித்தாலும் பழைய பதிவில் இருக்கும், கடவுச்சொல்லையே மாற்றியாக வேண்டும்.

பிறகு வாரம் பத்து விண்ணப்பம் போதும், ஈப்போ, பினாங்கு நிறுவனங்களையும் சேர்த்து. மேலே தள முகவரி. அடியில் எந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தீர்கள் என்று இரண்டு வரி. அதுவரை கிடைக்கிற பகுதிநேர வேலையை விடாதீர்கள். முழுநேர வேலைக்கு 1,700 ரிங்கிட்டுக்குக் குறைவாக யாராவது பேசினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்; 2025 ஆகஸ்ட் முதல் சிறு நிறுவனங்களுக்கும் அதுதான் குறைந்தபட்சச் சம்பளம்.