அனிமே டிஸ்னியின் நகலா?

வணக்கம். அனிமே, அதாவது ஜப்பானிய அசைவூட்டப் படங்கள், வெறும் டிஸ்னி நகல் என்று நீங்கள் எழுதிய கட்டுரையை ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும், தவறு எங்கே என்று விளங்கவில்லை எனவும் குறிப்பிட்டிருந்தீர்கள். அனிமே பாத்திரங்களின் பெரிய கண்களைப் பொறுத்தவரை உங்கள் கூற்றில் நியாயம் உண்டு. அனிமேயின் முன்னோடிகளுள் ஒருவரான ஜப்பானிய ஓவியர் ஒசாமு தெசுகா டிஸ்னி படங்கள்மீது தமக்கிருந்த பற்றை மறைத்தவர் அல்லர். ஆனால் 1963இல் 'அஸ்ட்ரோ பாய்' தொடரை வாரந்தோறும் தொலைக்காட்சிக்குத் தர நேர்ந்தபோது, டிஸ்னி பாணி முழு அசைவுக்கான பணமும் நேரமும் இல்லாததால், ஒரே ஓவியத்தைப் படச்சுருளின் மூன்று சட்டகங்களுக்கு (frames) நிறுத்தி, பல காட்சிகளில் வாயை மட்டும் அசைத்து, பழைய ஓவியங்களையே மீண்டும் பயன்படுத்தினார். அதே ஆண்டில் அத்தொடர் அமெரிக்காவிலும் ஒளிபரப்பானதைச் சேர்த்து, 'நகல்' என்பதைக் 'கொடுக்கல் வாங்கல்' என்று மாற்றி எழுதுங்கள்.