1960களின் உள்ளூர் கராஜ் ராக் பதிவுகளை ரசிகர்கள் எப்படிக் காப்பாற்றுவது?

கேள்வி இதுதான்: 1964–68 வாக்கில் ஓர் அமெரிக்கச் சிறுநகரத்தில் இயங்கிய கராஜ் ராக் (பெரும்பாலும் பதின்வயதுப் பையன்கள் வாசித்த, மெருகேறாத ராக் இசை) குழுக்களின் 45கள் (நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் சிறிய இசைத்தட்டுகள்), டேப் சுருள்கள், நிகழ்ச்சி நோட்டீஸ்கள் ரசிகர்கள் சிலர் கையில் இருக்கின்றன. எதிலிருந்து தொடங்குவது?

பெரும்பாலும் எல்லாரும் முதலில் 45களில்தான் கை வைப்பார்கள். அவற்றைக் கடைசிக்குத் தள்ளுங்கள். சில நூறு பிரதி அடித்த தட்டு இன்னொன்று எங்காவது ஒரு பரணில் கிடக்கும். ஒரே பிரதியாக இருப்பவைதான் அவசரம்: அசிடேட் தட்டு, ஒத்திகை டேப், வாசித்தவர்களின் ஞாபகம். 1966இல் பதினேழு வயதில் டிரம்ஸ் அடித்தவருக்கு இப்போது எழுபத்தைந்துக்கு மேல்.

அசிடேட் தட்டு என்பது ஆலையில் அச்சிடாமல் ஒவ்வொன்றாக வெட்டிய மாதிரித் தட்டு: அலுமினியத் தகட்டின் மேல் லாக்கர் (நைட்ரோசெல்லுலோஸ்) பூச்சு. விளிம்பிலோ நடுத்துளையிலோ உலோகம் மின்னும். லேபிளில் பெரும்பாலும் தட்டச்சு அல்லது கையெழுத்து. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் பூச்சு தேயும். அதனால் "சும்மா கேட்டுப் பார்க்கலாம்" என்று ஊசியை வைக்காதீர்கள். முதல் ஓட்டமே பதிவு ஓட்டமாக இருக்கட்டும். மேலே வெள்ளையாகப் படிந்திருப்பது பூஞ்சை அல்ல, பூச்சிலிருந்து கசியும் கொழுப்பு அமிலம். அதைத் துடைக்க ஆல்கஹால் எடுத்தால் பூச்சே கரைந்துவிடும். பூச்சில் விரிசல் தெரிந்தால் நீங்கள் தொடவே வேண்டாம். அனுபவமுள்ள ஆவணக்காப்பகத்திடம் கொடுங்கள்.

டேப் சுருளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஒளி ஊடுருவினால் அசிடேட் டேப் (செல்லுலோஸ் அசிடேட் பிளாஸ்டிக், மேலே சொன்ன தட்டு வேறு), இருட்டாக இருந்தால் பாலியெஸ்டர். 60களின் சுருள்களில் அசிடேட்டே நிறைய. வினிகர் வாடை அடித்தால் டேப் சிதையத் தொடங்கிவிட்டது, மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, அதையே முதலில் பதிவு செய்யுங்கள். அசிடேட் டேப் அறுந்தால் நேராக அறும், ஒட்டினால் சத்தம் போகாது. ஆனால் அதற்கென உள்ள ஒட்டுப்பட்டை வேண்டும். சாதாரண செல்லோடேப்பின் பசை கசிந்து அடுத்த சுற்றையும் பிடித்துக்கொள்ளும். டேப்பைச் சூடாக்கிச் சரிசெய்யும் முறையை எங்காவது படித்திருப்பீர்கள். அது 70களின் நடுவிலிருந்து வந்த சில பாலியெஸ்டர் டேப்புகளுக்கானது. அசிடேட்டைச் சூடாக்கினால் தொலைந்தது.

வீட்டு ரெக்கார்டர் டேப்பை ஸ்டீரியோ கருவியில் ஓட்டும்போது ஒரு காதில் பாட்டு, மறு காதில் வேறொன்று தலைகீழாக ஓடினால் பயப்பட வேண்டாம். சுருளைத் திருப்பிப் போட்டு மறுபக்கமும் பதிந்திருக்கிறார்கள். இரண்டு சேனலையும் அப்படியே பதிந்து, பின்னால் மென்பொருளில் திருப்பிக்கொள்ளலாம். டேப் பதிந்த அதே வேகத்தில் ஓடுகிறதா என்பதுதான் பெரிய தலைவலி. கிட்டார் சுருதியை நம்பாதீர்கள். பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சுருதி சேர்த்தவர்கள். ஆம்ப்ளிஃபையரின் மின்சார இரைச்சலை நம்பலாம். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். பதிவில் அந்த இரைச்சல் 57இல் தெரிந்தால் டேப் 5 சதவீதம் மெதுவாக ஓடுகிறது என்று அர்த்தம். முதலில் உங்கள் கருவியின் சொந்த இரைச்சல் எதுவென்று டேப் இல்லாமல் அளந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதையே அளந்துகொண்டிருப்பீர்கள்.

பதிவு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. ஸ்டீரியோவில் ஒரு மணி நேரம் சுமார் 2 ஜி.பி. வரும். உச்சம் -6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். மூலக் கோப்பில் எந்த வடிகட்டலும் கூடாது. வேகத் திருத்தம், கீறல் நீக்கம் எல்லாம் நகலில் மட்டும். மூலக் கோப்புக்கு மூன்று பிரதிகள், அதில் ஒன்று வேறு ஊரில்.

45களில் பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும்வரை உள்ள வெற்று வளையத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுங்கள். ஆர்.சி.ஏ. என்ற இசைத்தட்டு நிறுவனம் பிறருக்காக அச்சிட்ட தட்டுகளில், அங்கே பொறித்த எண்ணின் முதல் எழுத்தே வருடத்தைச் சொல்லும்: எஸ் என்றால் 1965, டி என்றால் 1966, யு என்றால் 1967. முக்கோணமும் பக்கத்தில் எண்ணும் இருந்தால் லாஸ் ஏஞ்சலஸின் மொனார்க் ஆலையில் அச்சானது. லேபிளில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் குடும்பப்பெயர் பாட்டை எழுதியவருடையது. ஆளைத் தேட அதுதான் முதல் துப்பு. ஒட்டிய லேபிள் கொண்ட ஸ்டைரீன் (வினைல் அல்லாத வேறு வகை பிளாஸ்டிக்) தட்டு சீக்கிரம் தேயும். கூம்பு ஊசி போடுங்கள், தட்டைக் கையால் பின்னோக்கிச் சுற்றவே கூடாது.

நோட்டீஸில் வருடம் இருக்காது, கிழமை இருக்கும். "வெள்ளி, அக்டோபர் 14" என்றால் அந்தப் பத்தாண்டில் 1960ஆகவோ 1966ஆகவோதான் இருக்க முடியும். ஊர் நூலகத்தின் மைக்ரோஃபிலிமில் அந்த வாரத்து நாளிதழைப் பார்த்தால் விளம்பரம் மாட்டும். 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து பாலியெஸ்டர் உறையில் வையுங்கள். லேமினேஷன் செய்தால் அதை மீட்கவே முடியாது. பி.வி.சி. உறை மையைப் பிய்த்தெடுக்கும்.

பேட்டி எடுக்கும்போது "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று ஆரம்பித்தால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். புகைப்படத்தை முன்னால் வைத்து, இந்த ஆம்ப்ளிஃபையர் யாருடையது, இவருக்கு முன் பேஸ் வாசித்தவர் யார், பதிவுக்கு யார் பணம் கட்டினார் என்று கேளுங்கள். குழு கலைந்த வருடம் மறந்திருக்கும். வியட்நாம் போருக்கு ராணுவ அழைப்பு வந்த மாதம் மறந்திருக்காது.

தட்டு உங்களுடையது என்பதால் பதிவின் உரிமை உங்களுடையதாகாது. 1957 முதல் 1972 பிப்ரவரி 14 வரையிலான அமெரிக்க ஒலிப்பதிவுகளுக்கு, 2018 சட்டப்படி 2067 பிப்ரவரி 15 வரை பாதுகாப்பு உண்டு. பாடல் எழுதியவரின் உரிமை தனி. பேட்டிக்குப் போகும் அன்றே ஒரு பக்க ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிறகு வாரிசுகள் நான்கு பேரைத் தேடிப் போவதைவிட அது எவ்வளவோ சுலபம்.