பாக்கெட் இயந்திரத்துக்கு எந்தக் கணினி வாங்குவது?

கேள்வி: கோவையில் மசாலாத் தூள் பாக்கெட் போடும் இயந்திரங்கள் செய்கிறோம். பிலிமில் உள்ள குறியைச் சென்சார் கண்டதும் கத்தி வெட்ட வேண்டும். லினக்ஸ் ஓடும் சிறிய கணினி போர்டு ஒன்றே திரையையும் கத்தியையும் கவனிக்கிறது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை வெட்டு தள்ளி விழுகிறது. 'ரியல் டைம் ஓஎஸ், மிலிட்டரி தரம்' என்று பல மடங்கு விலையில் ஒரு கணினியைக் காட்டுகிறார்கள். வாங்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் சென்சார் சிக்னலையும் கத்திக்குப் போகும் சிக்னலையும் ஆஸிலாஸ்கோப்பில் (சிக்னல்களைத் திரையில் கோடுகளாக வரைந்து காட்டும் கருவி) ஒன்றாகப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளி மாறாமலிருந்தும் வெட்டு தள்ளினால், பிலிம் உருளையில் வழுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குக் கணினி மருந்தாகாது.

இடைவெளி மாறினால் போர்டுதான் காரணம். ஆனால் அது மெதுவானது என்பதல்ல குறை, எப்போதாவது பிந்துகிறது என்பதே குறை. பிலிம் நொடிக்கு 300 மில்லிமீட்டர் ஓடும்போது 10 மில்லிநொடி பிந்தினால் வெட்டு 3 மில்லிமீட்டர் தள்ளிவிடும். சாதாரண லினக்ஸ் திரையை வரைவதற்கும் கோப்பு எழுதுவதற்கும் நேரத்தைப் பங்கிடுகிறது. கத்தி தன் முறைக்குக் காத்திருக்கிறது. ரியல் டைம் ஓஎஸ் என்பது அவசர வேலையைக் குறித்த கெடுவுக்குள் முடிப்பதற்காகவே அமைந்த இயக்க மென்பொருள். பெரிய பிராசசர் வாங்குவதால் மட்டும் அது கிடைத்துவிடாது.

ஆகவே விற்பவரிடம் சராசரியைக் கேட்காதீர்கள். திரை, நெட்வொர்க் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது மிக மோசமான தாமதம் எத்தனை மைக்ரோநொடி என்று கேளுங்கள். இரவு முழுவதும் ஓட்டி அளந்த எண் வேண்டும். பெயர் மட்டும் காப்பாற்றாது. 1997இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலத்தில் இருந்தது விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற ரியல் டைம் ஓஎஸ்தான். முன்னுரிமை குறைந்த பணியொன்று பிடித்துவைத்த பூட்டுக்காக (ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டுமே பயன்படுத்தும்படி மென்பொருள் போடும் தடை) முக்கியப் பணி காத்துக் கிடந்து, கணினி திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது.

வேலையைப் பிரித்துவிடுங்கள் என்பதே என் யோசனை. திரை இப்போதைய போர்டிலேயே இருக்கட்டும். கத்தியை ஒரு மைக்ரோகன்ட்ரோலரில் (ஒரே சிப்பில் அடங்கிய சிறு கணினி) ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற ரியல் டைம் ஓஎஸ் வைத்து ஓட்டலாம். யாரும் இலவசமாகப் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமத்தில் அது வருவதால் இயந்திரத்துக்கு இவ்வளவு என்று பணம் கட்ட வேண்டியதில்லை. அப்படி நிரல் எழுத ஆளில்லை என்றால் பிஎல்சி (ஆலை இயந்திரங்களை இயக்குவதற்கென்றே வரும் கட்டுப்பாட்டுக் கருவி) போதும்.

'மிலிட்டரி தரம்' என்ற சொல்லுக்கு மயங்காதீர்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் மில்-எஸ்டிடி-810 என்பது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைகளின் தொகுப்பு. அதில் அதிர்வைச் சோதித்தார்களா, வெப்பத்தையா, தூசியையா என்று அறிக்கை கேளுங்கள். உங்களுக்கு எதிரி மிளகாய்த் தூள். விசிறி வைத்த கணினி அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். விசிறி இல்லாததை ஐபி65 பெட்டியில் வையுங்கள்: 6 என்றால் தூசி புகாது, 5 என்றால் பீய்ச்சும் நீரையும் தாங்கும். மூடிய பெட்டிக்குள் கோடையில் சூடு ஏறும் என்பதால் எத்தனை பாகை வரை வேலை செய்யும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

எமர்ஜென்சி ஸ்டாப்பை மட்டும் எந்த ஓஎஸ்ஸிடமும் ஒப்படைக்காதீர்கள். பொத்தானை அழுத்தினால் கத்திக்குப் போகும் மின்சாரம் வயரிலேயே துண்டிக்கப்பட வேண்டும். அங்கே நிற்பவரின் விரல் அதை நம்பித்தான் இருக்கிறது.