கறுப்புப் பையா, டான் பையா? உங்கள் உடைகளுக்கு இரண்டும் வேண்டாம்

டோப் நிறப் பை எடுங்கள், அதாவது சாம்பல் கலந்த பழுப்பு. பிரெஞ்சு சொகுசு பிராண்டான எர்மெஸ்ஸில் கேட்டால் 'எத்தூப்' என்று காட்டுவார்கள். கறுப்பு, கிரே, டெனிம்தான் அதிகம் உடுத்துகிறேன், டான் (இளம்பழுப்பு) பை எதனுடனும் சேரவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் டானில் இருக்கும் ஆரஞ்சுச் சாயல்தான் காரணம். கிரே பக்கத்தில் வந்ததும் அது இன்னும் தூக்கித் தெரியும். கறுப்பு சேரும், ஆனால் பகலில் பெரிய பையாக இருந்தால் கனமாகத் தெரியும்.

வாங்குமுன் பையை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பாருங்கள். கடைகளில் 2700–3000 கெல்வின் மஞ்சள் விளக்கு இருந்தால் எல்லாப் பழுப்பும் இதமாகத்தான் தோன்றும். அடிக்கடி போடும் ஷூவையும் பேண்ட்டையும் பக்கத்தில் வையுங்கள். பகல் வெளிச்சத்தில் டோப் ரோஸாகவோ பச்சையாகவோ அடித்தால் அந்த ஷேடை விட்டுவிடுங்கள். கொக்கி, ஜிப்பையும் மறக்காதீர்கள்: வெள்ளி நிறம் சாம்பலை எடுத்துக்காட்டும், தங்க நிறம் பழுப்பை.

ஒரு எச்சரிக்கை. புது அடர்நீல ஜீன்ஸ் சாயம், பையின் இடுப்பில் உரசும் பின்பக்கத்திலும் கீழ் மூலைகளிலும் ஏறும். டோப் அதை ஓரளவு மறைக்கும், முழுக்க அல்ல. வெள்ளைத் தையல் இருந்தால் முதலில் அழுக்காவது அந்த நூல்தான். கைப்பிடி மேற்பூச்சில்லாத வச்செட்டா தோலா என்றும் கேளுங்கள், அது வெயிலிலும் கை எண்ணெயிலும் தேன் நிறத்துக்குக் கறுக்கும்.