உருண்ட முதுகுள்ள கிட்டார்: மேடைக்கா, மடிக்கா?

கேள்வி: நாகப்பட்டினத்தில் தேவாலயப் பாடற்குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். திருவிழாக் காலங்களில் மெல்லிசைக் குழுவோடு மேடையேறுவதும் உண்டு. முதுகுப்புறம் கிண்ணம்போல் உருண்ட, பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் கருவி) பொருத்திய பழைய ஒவேஷன் கிட்டார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. கடலோர ஈரக்காற்றை இதுதான் தாங்கும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: பெரும்பாலும் ஒலிபெருக்கியில் இணைத்து, நின்றபடி வாசிப்பவர் என்றால் வாங்கலாம். வீட்டில் மடியில் வைத்து வாசிப்பதற்கே முதன்மையாகத் தேவையென்றால், அதே பணத்துக்குத் தட்டை முதுகுள்ள மரக்கிட்டாரே மேல்.

இந்த வடிவத்தைப் பரவலாக்கியவர் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஹெலிகாப்டர் தயாரித்துவந்த சார்லஸ் கேமன். 1960களின் நடுவில் அவர் தொடங்கிய ஒவேஷன் நிறுவனம், மரத்தாலான முதுகுக்கும் பக்கங்களுக்கும் பதிலாகக் கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்த ஒரே கிண்ணத்தை அமைத்தது. மரக்கிட்டாரில் முதுகுப்பலகையும் மெல்ல அதிர்ந்து ஒலிக்கு ஒரு கனிவைச் சேர்க்கும். விறைப்பான இந்தக் கிண்ணமோ ஏறக்குறைய அதிராமல், மேல்பலகையின் ஒலியை முன்னோக்கித் திருப்பிவிடுகிறது. ஆகவே பிக்கப்பில் இணைக்காமல் வாசித்தால் ஒலி தெளிவாக இருந்தாலும் தாழ்சுருதித் தந்திகளின் கனம் குறைவாகவே கேட்கும். கிண்ணத்தின் ஆழம் குறையக் குறைய இக்குறை கூடும்.

மேடையில் கணக்கு மாறுகிறது. மானிட்டரின் (கலைஞரை நோக்கி வைக்கும் ஒலிபெருக்கி) ஒலி கிட்டாரின் உடலை மறுபடி அதிரச் செய்து, அந்த அதிர்வை பிக்கப் மீண்டும் ஒலிபெருக்கிக்கு அனுப்பும்போதுதான் ஃபீட்பேக் எனும் ஊளைச் சத்தம் எழுகிறது. ஆழம் குறைந்த கிண்ணத்தில் உள்ளே இருக்கும் காற்றும் குறைவு, அதிரும் முதுகும் இல்லை. அதனால், தவிலோடும் டிரம்ஸோடும் போட்டியிட வேண்டிய திருவிழா மேடையில், ஒலியளவைச் சற்றுத் துணிந்தே ஏற்றலாம். சேடிலுக்கு (தந்திகளைத் தாங்கும் சிறு பட்டை) அடியில் இருந்து அழுத்தத்தை உணரும் பீசோ பிக்கப், எல்லாத் தந்திகளையும் வேகமாக வருடி ஸ்ட்ரம் செய்யும்போது சற்று வறண்ட, தகரம் தட்டுவதுபோன்ற ஒலியைத் தருவதுண்டு. மிக்சரில் நடு அலைவரிசையைக் கொஞ்சம் குறைத்தால் பெருமளவு சரியாகிவிடும்.

உட்கார்ந்து வாசிப்பதுதான் இதன் பெருந்தொல்லை. தஞ்சாவூர் வீணையின் குடமும் உருண்டதுதான், ஆனால் அது தரையில் அமர்கிறது. கிட்டார் தொடைமேல் அல்லவா நிற்க வேண்டும்! கிண்ணம் வழுக்கி முகம் மேல்நோக்கித் திரும்ப, இடது மணிக்கட்டு வளைந்து வலிக்கத் தொடங்கும். (சற்றுத் தொந்தி உள்ளவர்களுக்கு இன்னும் சிரமம்.) உட்கார்ந்தாலும் ஸ்ட்ராப்பை மாட்டிக்கொண்டு வாசிப்பதே வழி.

ஈரக்காற்றைப் பற்றி உங்களிடம் சொன்னது பாதி உண்மை. கிண்ணம் ஈரத்தில் உப்பாது, கோடையில் வெடிக்காது. ஆனால் பெரும்பாலான மாதிரிகளில் மேல்பலகையும் கழுத்தும் மரமே. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேல்பலகை ஈரத்தை உறிஞ்சிப் புடைத்தால் தந்திகள் ஃப்ரெட்டிலிருந்து (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) உயர்ந்துவிடும். உப்புக்காற்றில் தந்திகள் துருப்பிடிப்பதையும் கிண்ணம் தடுக்கப்போவதில்லை. ஆகவே உறைபெட்டியும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும், வாசித்து முடித்ததும் தந்திகளைத் துடைக்கும் பழக்கமும் இதற்கும் வேண்டும்.

பழைய கிட்டார் என்பதால், மேல்பலகை கிண்ணத்தோடு ஒட்டும் விளிம்பைச் சுற்றிலும் விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் கறகறவென்று ஒலித்தால் அங்கே பசை விட்டிருக்கலாம். பிரிட்ஜுக்கு (மேல்பலகையில் தந்திகளைப் பிணைக்கும் கட்டை) பின்னால் பலகை மிகவும் புடைத்திருந்தாலோ, கழுத்தின் கோணம் மாறித் தந்திகள் மிக உயர்ந்திருந்தாலோ, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். இவ்வகைக் கிட்டாரில் கைவைக்க மரவேலை தெரிந்த பலரும் தயங்குவார்கள். கிண்ணத்தில் மட்டும் மெல்லிய விரிசல் என்றால் அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை, ஏனெனில் உங்கள் ஊர்த் துறைமுகத்தில் ஃபைபர் படகுகளைப் பழுதுபார்ப்பதும் கண்ணாடி இழையும் ரெசினும் கொண்டுதான். பேட்டரி அறையில் பச்சை படிந்திருக்கிறதா என்றும் திறந்து பாருங்கள். கடைசியாக, பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் பாடற்குழுவின் மிக்சரிலேயே இணைத்து, ஆறு தந்திகளும் ஒரே அளவில் ஒலிக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக மீட்டிக் கேளுங்கள். ஏதேனும் ஒன்று மட்டும் மங்கினால், சேடில் சரியாக அமரவில்லை அல்லது பிக்கப் பழுதடைந்திருக்கிறது என்று பொருள். அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேட்கலாம்.