கோவளம் போகத் தயங்கும் சகோதரிக்கு

வணக்கம் சகோதரி. மே விடுமுறைக்குக் கேரளத்துக் கோவளத்தில் அறை பதிவு செய்தாகிவிட்டது, கடலை மறைத்து நிற்கும் விடுதிகளை நினைத்தாலே மனம் ஒட்டவில்லை, பிள்ளைகளோ துள்ளுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் மதுரைதான். வறண்ட வைகையைப் பார்த்தே வளரும் நம் பிள்ளைகளுக்குக் கடல் எவ்வளவு பெரிய விஷயம்! கட்டாயம் போய் வாருங்கள். உங்கள் வருத்தமும் நியாயமானதே. அதைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள்.

கலங்கரை விளக்கக் கடற்கரையில்தான் நெருக்கடி அதிகம். நடைபாதை நெடுக உணவகங்கள், மாலையில் காலாற நடக்கக்கூட முடியாது. விடியற்காலையில் போங்கள். மீனவர்கள் இரண்டு வரிசையாக நின்று கரைவலையை இழுப்பதைப் பார்க்க வாய்த்தால் விட்டுவிடாதீர்கள். ஈரக் கயிறு கையில் வழுக்க வழுக்க, வலை மெல்ல மெல்லக் கரைசேரும். அந்தக் கடற்கரை இன்னும் அவர்களுடையதும்தான்.

பக்கத்திலேயே விழிஞத்தில், பாறையைக் குடைந்த சின்னஞ்சிறு கோயில் ஒன்று இருக்கிறது, 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நம் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் விழிஞத்தை வென்றதைச் சீவரமங்கலச் செப்பேடு சொல்கிறது. பிள்ளைகளிடம் அந்தக் கதையைச் சொல்லுங்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மே கடைசியில் பருவமழை நெருங்கும், அலை முரடாகிவிடும். சிவப்புக் கொடி நட்டிருந்தால் முழங்கால் அளவுத் தண்ணீரிலும் பிள்ளைகளை இறக்க வேண்டாம்.