வீட்டுக்கல்வியிலிருந்து ஆண்டின் நடுவில் உயர்நிலைப் பள்ளிக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் டாலஸ் நகரின் புறநகர் ஒன்றில் வசிக்கிறோம். எங்கள் மகனுக்கு வயது 15. கொரோனா காலத்தில், அவன் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, பள்ளியை நிறுத்திவிட்டு நானே வீட்டில் கற்பிக்கத் தொடங்கினேன். கணிதத்துக்கும் அறிவியலுக்கும் சென்னையிலிருந்து வரவழைத்த என்.சி.இ.ஆர்.டி. நூல்களைப் பயன்படுத்தினேன். இப்போது அவனே பள்ளிக்குப் போக வேண்டும் என்கிறான். எனக்கும் ஜனவரியில் வேலைக்குத் திரும்ப வேண்டிய நிலை. ஆண்டின் நடுவில் சேர்த்தால் பையன் திணறிவிடுவான், ஆகஸ்ட் வரை பொறுப்போம் என்கிறார் என் கணவர். ஒன்பதாம் வகுப்பில் போட்டுவிடுவார்களோ என்றும், இத்தனை ஆண்டுகள் எங்கும் பதிவு செய்யாமல் இருந்ததற்குக் கேள்வி கேட்பார்களோ என்றும் எனக்கு அச்சமாக இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, டெக்சஸ்

பதில்: உங்கள் கடைசி அச்சத்தை முதலில் விலக்கிவிடுகிறேன். டெக்சஸில் வீட்டுக்கல்விக்கு அரசிடம் பதிவு தேவையில்லை. 1994இல் லீப்பர் வழக்கில் அம்மாநில உச்ச நீதிமன்றம், வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நற்குடிமை ஆகியவற்றை முறையான பாடத்திட்டத்தின்படி உண்மையாகக் கற்பிக்கும் வீட்டைத் தனியார் பள்ளியாகவே கருதவேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே சட்டத்தின் கண்ணில் உங்கள் மகன் ஒரு தனியார் பள்ளியிலிருந்து மாறி வருகிறான். அந்தப் பள்ளியின் ஆசிரியர், தலைமை ஆசிரியர், எழுத்தர் மூவரும் நீங்களே என்பதுதான் வேறுபாடு. எழுத்தர் வேலைதான் இனி அதிகம்.

ஜனவரியா ஆகஸ்டா என்பதில் நான் உங்கள் பக்கம். உங்கள் கணவரின் கவலை நியாயமானதே என்றாலும், டெக்சஸ் உயர்நிலைப் பள்ளியில் எல்லாமே கிரெடிட் (ஒரு பாடத்தை முடித்ததற்கான புள்ளி) கணக்கில்தான் நடக்கிறது. பட்டம் பெற அடிப்படையாக 22 கிரெடிட் வேண்டும். கல்லூரியை எண்ணிப் பெரும்பாலானோர் எடுக்கும் சிறப்புப் பிரிவுடன் சேர்த்தால் 26. ஒரு பாடத்தை ஒரு செமஸ்டர் படித்தால் அரை கிரெடிட். நாளுக்கு ஏழு பாடம் நடத்தும் பள்ளியில் ஜனவரியில் பத்தாம் வகுப்பில் சேர்ந்தால், மீதமுள்ள ஐந்து செமஸ்டர்களில் அவன் 17.5 கிரெடிட் ஈட்டலாம். வீட்டில் படித்ததிலிருந்து 8.5 ஏற்கப்பட்டால் போதும். ஆகஸ்ட் வரை காத்திருந்தால் பள்ளியில் கிடைப்பது 14 மட்டுமே. 12 கிரெடிட்டுக்கு வீட்டுப் படிப்பை நிரூபிக்க வேண்டியிருக்கும். அதோடு, கல்லூரிகள் கூர்ந்து பார்க்கும் பதினொன்றாம் வகுப்பே அவனுக்குப் பள்ளியில் முதல் ஆண்டாகிவிடும். திணறுவதானால் பத்தாம் வகுப்பின் பின்பாதியில் திணறட்டும்.

ஆனால் ஜனவரி என்றால் இரண்டாம் செமஸ்டரின் முதல் நாள் என்று பொருள் கொள்ளுங்கள். நம் குடும்பங்கள் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போய்ப் பொங்கல் முடித்துத் திரும்புவது வழக்கம். இந்த ஆண்டு அது வேண்டாம். வகுப்பு நடக்கும் நாட்களில் 90 விழுக்காடு வராத மாணவருக்கு மதிப்பெண் இருந்தாலும் கிரெடிட் மறுக்கப்படலாம் என்பது மாநிலச் சட்டம்.

இனி, எந்த வகுப்பு என்ற கேள்வி. ஒன்பதா பத்தா என்பதற்காகப் பள்ளி ஆலோசகரோடு மல்லுக்கட்டாதீர்கள். பெரும்பாலான பள்ளி மாவட்டங்களில் (அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகளில்) அது கையிலுள்ள கிரெடிட்டை எண்ணி ஒட்டும் பெயர்ச்சீட்டு. கிரெடிட் கூடியதும் தானாக மாறும். நீங்கள் உறுதியாக நிற்க வேண்டிய இடம் கணிதம். அமெரிக்கப் பள்ளியில் அல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2 என்று கணிதம் ஆண்டுக்கொன்றாகப் பிரிந்து நடக்கும். நம் நூல்களிலோ ஒரே ஆண்டில் இயற்கணிதமும் வடிவியலும் முக்கோணவியலும் கலந்து வரும். "பத்தாம் வகுப்புக் கணிதம் முடித்துவிட்டான்" என்று நீங்கள் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு அது எந்தப் பாடம் என்று விளங்காது. விளங்காதபோது பாதுகாப்பாக அல்ஜீப்ரா 1இல் உட்கார வைப்பார். இருபடிச் சமன்பாடுகளில் தேறிய பையன் ஒருபடிச் சமன்பாட்டு வகுப்பில் உட்கார்ந்து சலித்துப்போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதற்கு வழி, கிரெடிட் பை எக்ஸாம் எனப்படும் பாடத்தேர்வு. முன்பே ஓரளவு பயின்ற பாடமானால் 70 விழுக்காடும், பயிலாத பாடமானால் 80 விழுக்காடும் எடுத்தால் கிரெடிட் தர விதிகளில் இடமுண்டு. வினாத்தாள்களை டெக்சஸ் டெக் பல்கலைக்கழகமும் ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகமும் தயாரிக்கின்றன. தேர்வு நாட்களைப் பள்ளி மாவட்டம் முடிவு செய்கிறது. ஆகவே டிசம்பர் வரை காத்திராமல் இந்த வாரமே மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். தேர்வுக்கு முன் ஒரு வேலை இருக்கிறது: என்.சி.இ.ஆர்.டி.யின் ஒன்பது, பத்தாம் வகுப்பு நூல்களில் அடுக்குக்குறிச் சார்புகளும், சார்பைக் குறியீட்டால் எழுதும் முறையும் இல்லை. அல்ஜீப்ரா 1இல் இரண்டும் உண்டு. ஜியோமெட்ரியில் சுழற்சி, பிரதிபலிப்பு போன்ற உருமாற்றங்கள் கேட்கப்படும். அவையும் அந்நூல்களில் இல்லை. தேற்றங்களை நிரூபிப்பதில் அவனுக்குச் சிரமம் இருக்காது. விட்டுப்போன இந்தச் சில தலைப்புகளுக்குச் சில வாரங்கள் ஒதுக்கினால் போதும்.

மற்ற பாடங்களுக்கு டிரான்ஸ்கிரிப்ட் ஒன்று தயாரியுங்கள்: பாடத்தின் பெயர் (டெக்சஸ் பள்ளிகள் வழங்கும் பெயரிலேயே), பயன்படுத்திய நூல், செமஸ்டர், மதிப்பெண், பாடத்துக்கு நான்கு வரி விளக்கம். அவன் எழுதிய கட்டுரைகளிலும் ஆய்வுக் குறிப்புகளிலும் சிலவற்றை இணையுங்கள். ஏற்பதும் மறுப்பதும் மாவட்டத்தின் உரிமை. சில மாவட்டங்கள் கிரெடிட்டை ஏற்றாலும் வகுப்புத் தரவரிசைக் கணக்கில் சேர்ப்பதில்லை. முதல் 10 விழுக்காட்டினருக்குப் பெரும்பாலான மாநிலப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம் தரும் சட்டம் இருப்பதால், இதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அல்ஜீப்ரா 1, உயிரியல் போன்ற பாடங்களில் வீட்டுக் கிரெடிட் ஏற்கப்பட்டால், அந்தப் பாடத்துக்கான மாநில இறுதித் தேர்வை அவன் எழுத வேண்டியதில்லை என்பதும் அந்த எழுத்தில் இருக்கட்டும். தெரியாமல் எழுத வைத்துவிடுவதும் உண்டு. தமிழ்ப் பள்ளிக்குப் போயிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அயல்மொழிப் பாடத்துக்கு இரண்டு கிரெடிட் வேண்டும். தமிழை ஏற்கும் மாவட்டங்கள் இருக்கின்றன.

பையனைப் பற்றி. மதிய உணவு அரங்கின் இரைச்சலும், ஐந்தாறு நிமிடத்தில் அடுத்த வகுப்பறையைக் கண்டுபிடிக்கும் ஓட்டமும் முதல் சில வாரம் அவனைக் களைப்பாக்கும். நட்பு வட்டங்கள் ஆகஸ்டிலேயே அமைந்துவிட்டிருக்கும் என்பதும் உண்மைதான். அதனால் விருப்பப் பாடங்களில் ஒன்றாவது கூடி வேலை செய்யும் பாடமாக இருக்கட்டும்: நாடக மேடை அமைப்பு, ரோபாட்டிக்ஸ், சேர்ந்திசை என எதுவானாலும் சரி. தனியே உட்கார்ந்து கேட்கும் வகுப்பில் கிடைக்காத பேச்சு அங்கே தானாக வரும். உங்களுக்கும் ஒன்று: பெற்றோர் மதிப்பெண் பார்க்கும் வலைத்தளத்தின் கடவுச்சொல் கிடைத்ததும், இத்தனை ஆண்டுகள் அவனுக்கு ஆசிரியையாக இருந்த உங்களுக்கு மணிக்கொரு முறை திறந்து பார்க்கத் தோன்றும். வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் அவனோடு சேர்ந்து பாருங்கள். ஒரு வினாடி வினாவில் 62 வாங்கியதை அவனே சொல்ல அவகாசம் கொடுங்கள்.

கேள்வி: கோவையிலிருந்து ஹூஸ்டனுக்கு வந்து ஓராண்டாகிறது. இதுவரை மகளுக்கு (14) வீட்டில்தான் பாடம். இப்போது ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கிறோம். விசா விவரம் கேட்பார்களா? வீட்டுமொழி என்ற இடத்தில் தமிழ் என்று எழுதினால் ஆங்கிலம் தெரியாதவர்களின் வகுப்பில் போட்டுவிடுவார்கள் என்று நண்பர்கள் எச்சரிக்கிறார்கள்.
– ஒரு தந்தை

பதில்: குடியுரிமை நிலையைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளைக்கும் அரசுப் பள்ளியின் கதவை மூடக்கூடாது என்ற 1982ஆம் ஆண்டின் பிளைலர் தீர்ப்பு, டெக்சஸின் டைலர் நகரப் பள்ளிகள் தொடர்பான வழக்கில்தான் பிறந்தது. பிறப்புச் சான்று, வசிப்பிடச் சான்று, முந்தைய படிப்பின் ஆவணம், தடுப்பூசிப் பதிவு ஆகியவற்றைத்தான் கேட்பார்கள்.

மொழிப் படிவத்தில் உண்மையை எழுதுங்கள். தமிழ் என்று எழுதினால் நான்கு வாரத்துக்குள் ஓர் ஆங்கிலத் திறன் தேர்வு வைப்பார்கள். தேறினால் அதோடு முடிந்தது. தேறாவிட்டால் கூடுதல் ஆங்கில உதவி தருவார்கள். அது வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் உரிமையும் பெற்றோருக்கு உண்டு, ஆனால் ஓராண்டாவது அதைப் பெறுவதே நல்லது என்பேன். உங்கள் நண்பர்கள் எச்சரிக்க வேண்டியது வேறொன்றைப் பற்றி. டெக்சஸ் பள்ளிகள் கேட்கும் சின்னம்மைத் தடுப்பூசியும் ஹெப்படைடிஸ் ஏ தடுப்பூசியும் இந்திய அரசின் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. தனியாகப் போட்டிருந்தால்தான் உண்டு. ஏழாம் வகுப்பிலிருந்து மெனிங்கோகாக்கல் (மூளைக்காய்ச்சல்) தடுப்பூசியும் தேவை. போட்டவற்றின் அட்டையில் நாள் முதலிலும் மாதம் பின்னுமாக எழுதியிருப்பார்கள். இங்கே 03/07 என்பதை மார்ச் 7 என்றே படிப்பார்கள். ஆகவே மாதத்தை எழுத்தில் குறித்த ஒரு தாளை இங்குள்ள மருத்துவரிடம் கையொப்பத்துடன் பெற்றுக்கொண்டு பள்ளி அலுவலகத்துக்குச் செல்லுங்கள்.